லூபஸா, ஸ்க்ளீரோடெர்மாவா, இரண்டுமா?

(வாசகர் கேள்விகளுக்கு மூட்டு, இணைப்புத்திசு நோய் மருத்துவர் ஒருவரின் பதில்கள்)

போன இதழில் லூபஸ் பற்றி நாலு வரி எழுதினாலும் எழுதினேன், ‘எனக்கு லூபஸும் இருக்கிறதாம், கூட வேறொன்றும் இருக்கிறதாம்’ என்று கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. நம் எதிர்ப்புச் சக்தியே நம் உடம்பைத் தாக்குகிற ஆட்டோ இம்யூன் நோய்களில் ஒன்றும் இன்னொன்றும் கலந்து வருவது அபூர்வமில்லை. லூபஸ் தோல், மூட்டு, சிறுநீரகம் என்று பல உறுப்புகளைத் தாக்கும். ஸ்க்ளீரோடெர்மா தோலை இறுக வைத்து, உள்ளுறுப்புகளையும் தொடும். இந்த இதழ் முழுக்க அவர்களுக்கே. யார் என்று அடையாளம் தெரியாதபடி விவரங்களைக் குறைத்திருக்கிறேன்.

எனக்கு வயது 34. போடிநாயக்கனூரில் ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலை. இரண்டு வருடமாகக் குளிர்ந்த தண்ணீரில் கை வைத்தால் விரல்கள் வெளுத்து, நீலம் பாரித்து, பிறகு சிவந்து எரிகின்றன. விரல் வீங்கி மோதிரம் நுழையவில்லை. வெயிலில் போனால் கன்னம் தடிக்கிறது. முதலில் பார்த்த டாக்டர் லூபஸ் என்றார். அடுத்தவர் ஸ்க்ளீரோடெர்மா என்றார். மூன்றாமவர் எம்.சி.டி.டி. என்று எழுதிக் கொடுத்தார். ஏ.என்.ஏ. (நம் செல்களின் உட்கருவையே தாக்கும் எதிர்ப்பொருள்) 1:1280. யு1 ஆர்.என்.பி. மூன்று பிளஸ். யார் சொன்னது சரி?

மூன்று பேர் சொன்னதும் உங்கள் உடம்பில் இருக்கிறது, அம்மா. வெயிலில் கன்னம் தடிப்பது லூபஸ் பக்கம். விரல் வெளுப்பதும் வீங்குவதும் ஸ்க்ளீரோடெர்மா பக்கம். இவை ஒரே ஆளிடம் சேர்ந்து வந்து, ரத்தத்தில் யு1 ஆர்.என்.பி. என்கிற எதிர்ப்பொருளும் ஏகத்துக்கு இருந்தால் அதற்கு எம்.சி.டி.டி. என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மிக்ஸ்டு கனெக்டிவ் டிஷ்யூ டிசீஸ் என்பதன் சுருக்கம். 1972இல் கார்டன் ஷார்ப் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும் இதைத் தனி நோயாக எழுதினார்கள். சாதுவான நோய், சிறுநீரகத்தை அதிகம் தொடாது, ஸ்டீராய்டு கொடுத்தால் அடங்கிவிடும் என்றுதான் அப்போது நினைத்தார்கள். அப்படிப்பட்ட நோயாளிகளை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்தபோது கதை மாறியது. சிலருக்கு அது நாளடைவில் முழு லூபஸானது, சிலருக்கு ஸ்க்ளீரோடெர்மாவானது, சிலருக்குக் கலப்படமாகவே நீடித்தது. நுரையீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் அழுத்தம் ஏறுவதுதான் இந்த நோயில் உயிருக்கு ஆபத்தான விஷயம் என்பதும் பிறகுதான் புரிந்தது. எம்.சி.டி.டி. தனி நோயே இல்லை என்று வாதாடும் பேராசிரியர்கள் இன்றும் உண்டு. மாநாடுகளில் அந்தச் சண்டையைக் கேட்க எனக்குப் பிடிக்கும். உங்களுக்கு அதனால் பைசா பிரயோஜனமில்லை.

எனவே பெயரைத் தேடி நாலாவது டாக்டரிடம் போகாதீர்கள். உங்கள் நோயின் பெயர் அஞ்சு வருஷம் கழித்து மாறினாலும் மாறும். இன்றைக்கு எந்த உறுப்பில் என்ன நடக்கிறது என்பதை ஒரே ஒரு டாக்டர் பொறுப்பெடுத்துப் பார்க்க வேண்டும்.

இப்படி ஒருவர் என் முன்னால் வந்து உட்கார்ந்தால், ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டுக் கையைத்தான் வாங்குவேன். விரலின் பின்பக்கத் தோலைக் கிள்ளிப் பார்ப்பேன். மடிப்பாக எழுந்தால் வெறும் வீக்கம். எழவே எழாமல் எலும்போடு ஒட்டிக் கிடந்தால் தோல் இறுக ஆரம்பித்துவிட்டது என்று பொருள். விரல் நுனியில் சின்னச் சின்னக் குழிகள் இருக்கின்றனவா என்று பார்ப்பேன். ரத்த ஓட்டம் குறைந்து வந்த புண்கள் ஆறிய தழும்புகள் அவை. பிறகு மோதிர விரலில் நகம் தொடங்கும் இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, டெர்மாஸ்கோப் என்கிற சின்ன உருப்பெருக்கியை வைப்பேன். ஆரோக்கியமான விரலில் அங்கே ரத்த நாளங்கள் கொண்டை ஊசிகளை அடுக்கினாற்போல் மெல்லிசாக வரிசை கட்டி நிற்கும். உங்கள் வகை நோயில் சில நாளங்கள் பல மடங்கு பருத்திருக்கும். நடுநடுவே நாளமே இல்லாமல் வெறும் தோலாக இருக்கும். எதிர்ப்பொருள் சோதனைக்கு ஆயிரக்கணக்கில் செலவாகிறது. இதற்கு ஆவது ஒரு சொட்டு எண்ணெய்.

நெற்றி, மேல்மார்பு, காதோரம் ஆகிய இடங்களையும் விடக் கூடாது. நம் மாநிறத் தோலில் ஸ்க்ளீரோடெர்மா வந்தால் சில இடங்களில் நிறம் போய், ரோமக்கால்களைச் சுற்றி மட்டும் கறுப்புப் புள்ளிகள் மிஞ்சும். இதை வெண்புள்ளி என்று நினைத்து வருஷக்கணக்கில் களிம்பு தடவியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உங்களுக்கு உடனே செய்ய வேண்டியவை: இதய எக்கோ, மூச்சுத் திறன் சோதனை (அதில் மூச்சுக்காற்று ரத்தத்துக்குள் எவ்வளவு நன்றாகப் போகிறது என்று காட்டும் டி.எல்.சி.ஓ. என்ற அளவையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள், கேட்காவிட்டால் விட்டுவிடுவார்கள்), நுரையீரலை நுணுக்கமாகக் காட்டும் ஹெச்.ஆர்.சி.டி. நெஞ்சு ஸ்கேன், தசை சேதத்தைக் காட்டும் சி.கே. ரத்தப் பரிசோதனை; சிறுநீரில் புரதத்துக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதம். எக்கோவும் மூச்சுச் சோதனையும் எல்லாம் சரியாக இருந்தாலும் வருடம் ஒரு முறை. மாடி ஏறும்போது முன்பைவிட மூச்சு வாங்கினால் வருடம் முடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

மருந்தைப் பொறுத்தவரை, வெயில் தடிப்புக்கும் மூட்டு வலிக்கும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் அடிப்படை. விரல் வெளுப்பதற்கு நிஃபெடிபின் அல்லது அம்லோடிபின். கால் கொஞ்சம் வீங்கலாம், பயப்பட வேண்டாம். விரல் நுனியில் புண் வந்தாலோ, நுரையீரல் அழுத்தம் ஏறினாலோ சில்டெனாஃபில் (வயாகராவில் இருக்கும் அதே மருந்து) எழுதுவோம். மருந்துக்கடையில் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பார்க்கட்டும், ரத்தக்குழாயை விரிப்பதுதான் அந்த மாத்திரையின் வேலை, ஆண் பெண் வித்தியாசம் அதற்குத் தெரியாது. ஒற்றைத் தலைவலிக்கோ படபடப்புக்கோ யாராவது புரோப்ரனலால் எழுத வந்தால் உங்கள் விரல்களைக் காட்டிவிடுங்கள். அது விரலின் ரத்த ஓட்டத்தை இன்னும் சுருக்கும். காலையில் பாத்திரம் கழுவ வெந்நீர் கலந்த தண்ணீர், வேலையிடத்தில் கையுறை. வீட்டில் யாராவது பீடி, சிகரெட் பிடித்தால் வெளியே போய்ப் பிடிக்கச் சொல்லுங்கள்.

வயது 29. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். முழு உடல் பரிசோதனையில் ஏ.என்.ஏ. 1:80 பாசிட்டிவ் என்று வந்தது. கன்னத்தில் வேறு கறுப்பு இருக்கிறது. இணையத்தில் தேடினால் லூபஸ் என்கிறது. இரண்டு வாரமாகத் தூக்கமில்லை.

தூங்குங்கள். எந்த நோயும் இல்லாதவர்களில்கூட 1:160 அளவில் (ரத்தத்தை 160 மடங்கு நீர்த்துப் பார்த்தாலும்) நூற்றுக்குச் சுமார் ஐந்து பேருக்கு ஏ.என்.ஏ. பாசிட்டிவ் வரும். 1:80 என்றால் இன்னும் அதிகம் பேர். தைராய்டு சுரப்பியை எதிர்ப்புச் சக்தி தாக்குகிறவர்களிடம் அது சர்வசாதாரணம். 2019இல் ஐரோப்பிய, அமெரிக்க ருமட்டாலஜி அமைப்புகள் சேர்ந்து லூபஸுக்கு வகுத்த விதிகளில் 1:80 என்பது வாசலில் நுழைவதற்கான சீட்டு மட்டும்தான். உள்ளே போய் தோல், மூட்டு, சிறுநீரகம், ரத்த அணுக்கள் என்று 10 மதிப்பெண் எடுக்க வேண்டும். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் மதிப்பெண் பூஜ்யம். அறிகுறி ஏதும் இல்லாதவருக்கு முழு உடல் பரிசோதனைப் பட்டியலில் ஏ.என்.ஏ.வைச் சேர்த்தவர்களுக்கு என் கண்டனம்.

கன்னத்துக் கறுப்புக்கு வருவோம். நம் ஊரில் அது பெரும்பாலும் மங்குதான். மங்கு தட்டையாக இருக்கும், அரிக்காது, எரியாது, மெதுவாக மாதக்கணக்கில் படரும். லூபஸ் தடிப்பு வெயிலில் போன ஒன்றிரண்டு நாளில் எழும்பும், தொட்டால் மேடு தெரியும், மூக்கோரத்திலிருந்து வாய் முனைக்கு ஓடும் மடிப்பை மட்டும் விட்டுவிட்டுக் கன்னத்தில் உட்காரும். புத்தகத்தில் சிவப்பு என்று போட்டிருப்பார்கள். நம் நிறத்தில் அது நாவல்பழச் சாயலில்தான் தெரியும். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. சிவப்பழகுக்கு என்று கடையில் கேட்டு வாங்கிப் பூசிய க்ரீமில் ஸ்டீராய்டு கலந்திருந்தால், நிறுத்தியதும் முகம் சிவந்து எரியும். லூபஸ் என்று அனுப்பப்பட்டு என்னிடம் வரும் இளம்பெண்களில் இந்த வகை நிறைய. உங்கள் கைப்பையில் அப்படி ஒரு டியூப் இருந்தால் அடுத்த முறை தோல் டாக்டரிடம் போகும்போது அதையும் எடுத்துப் போங்கள்.

என் கணவருக்கு வயது 58, ஈரோடு. நாலு மாதமாக மேல் இமைகள் வீங்கி, கத்திரிப்பூ நிறத்தில் இருக்கின்றன. முதுகிலும் கழுத்திலும் அரிப்பு. தலைக்கு அடிக்கும் சாயத்தால் வந்த அலர்ஜி என்று மாத்திரை கொடுத்தார்கள். சாயத்தை விட்டு இரண்டு மாதமாகியும் குறையவில்லை. விரல் கணுக்களிலும் தடிப்பு. மூட்டு வலி இருப்பதால் ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்ததில் ஆர்.ஏ. ஃபேக்டர் பாசிட்டிவ். மூட்டுவாதமும் அலர்ஜியும் சேர்ந்துவிட்டதா?

அம்மா, இந்தக் கடிதத்தைப் படித்ததும் உங்களுக்குத் தனியாகப் பதில் அனுப்பச் சொன்னேன். வந்து சேர்ந்திருக்கும். மற்ற வாசகர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன்.

சாய அலர்ஜியும் இமையை வீங்க வைக்கும், அது உண்மை. ஆனால் தலையின் ஓரத்திலும் காதிலும் நீர் கோர்க்கும், சாயத்தை விட்டால் சில வாரங்களில் அடங்கும். விட்ட பிறகும் இரண்டு மாதம் நிற்கிற, மேல் இமையின் ஊதா நிறம் டெர்மடோமயோசைடிஸ் என்ற நோயின் முத்திரை. தோலையும் தசையையும் சேர்த்துத் தாக்கும் நோய்.

விரல்களைப் பாருங்கள். சொடக்கு எடுக்கிற கணுக்களின் மேலேயே தடிப்பு உட்கார்ந்திருந்தால் டெர்மடோமயோசைடிஸ். கணுக்களை விட்டுவிட்டு, கணுவுக்கும் கணுவுக்கும் இடைப்பட்ட இடத்தில் இருந்தால் லூபஸ். முகத்திலும் இந்த வித்தியாசம் உண்டு. லூபஸ் விட்டுவைக்கிற மூக்கோர மடிப்பை டெர்மடோமயோசைடிஸ் விடாது. இந்த இரண்டு இடங்களை மாணவர்களுக்குக் காட்டிவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது என்பேன். இரண்டும் கலந்து வருகிறவர்கள் உண்டு, அவர்களிடம் இரண்டு இடத்திலும் தடிப்பு இருக்கும். ஆர்.ஏ. ஃபேக்டரை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அது பல நோய்களில் வரும், நோயே இல்லாதவர்களுக்கும் வரும்.

தசை பலவீனத்தை வலியை வைத்துத் தேடாதீர்கள், செயலை வைத்துத் தேடுங்கள். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தவர் கை ஊன்றாமல் எழுகிறாரா? டவுன் பஸ்ஸின் உயரமான படியில் கம்பியைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறுகிறாரா? தலை சீவக் கையைத் தூக்கி வைத்திருக்க முடிகிறதா? சாப்பாடு தொண்டையில் நிற்கிறதா? கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்றால் அன்றே மருத்துவமனை.

இன்னொரு வகை இருக்கிறது. தசை நன்றாகவே இருக்கும், சி.கே. சாதாரணமாக வரும், தோல் மட்டும்தான் என்று எல்லோரும் நிம்மதியாக இருக்கும்போது சில வாரங்களில் நுரையீரல் கெட்டுவிடும். எம்.டி.ஏ.5 என்ற எதிர்ப்பொருள் உள்ளவர்கள் இவர்கள். உள்ளங்கையிலும் விரல் மடிப்பிலும் வலிக்கிற புண், கொஞ்சம் நடந்தாலே மூச்சு வாங்குவது, இந்த இரண்டும் சேர்ந்தால் ஒரு நாளும் தள்ளக் கூடாது. அதனால்தான் இப்படிப்பட்ட எதிர்ப்பொருள்களைத் தேடும் மயோசைடிஸ் பேனல் என்ற பரிசோதனையையும் நெஞ்சு ஸ்கேனையும் ஒன்றாகவே கேட்கிறோம்.

நடுத்தர வயதைத் தாண்டியவர்களுக்கு இது வந்தால் உள்ளே எங்காவது புற்றுநோய் ஒளிந்திருக்கிறதா என்று தேடுவது வழக்கம். நுரையீரல், வயிறு, குடல், பெண்களுக்கு மார்பகமும் சினைப்பையும். எல்லோருக்கும் இருக்காது. ஆனால் முதல் இரண்டு மூன்று வருஷம் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். சிகிச்சைக்கு ஸ்டீராய்டும், கூடவே எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மெத்தோட்ரெக்சேட், அசதியோபிரின், மைகோஃபினோலேட் ஆகியவற்றில் ஒன்றும், தேவைப்பட்டால் இம்யூனோகுளோபுலின் ஊசியும் இருக்கின்றன. லூபஸ் தோலுக்கு அருமருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயின் இந்த நோயில் சிலருக்குப் புதிதாகத் தடிப்பைக் கிளப்பிவிடும் என்பதை அந்த மாத்திரையை ஆரம்பிக்கும்போதே உங்கள் டாக்டர் சொல்வார். பக்கத்து வீட்டு லூபஸ்காரர் கொடுத்தார் என்று எதையும் வாங்கிப் போடாதீர்கள்.

அம்மாவுக்கு முதுகுத் தடிப்பிலிருந்து சதை எடுத்து பயாப்சிக்கு அனுப்பினோம். ‘லூபஸ் அல்லது டெர்மடோமயோசைடிஸ்’ என்று ரிப்போர்ட் வந்தது. பரிசோதித்தவருக்கே தெரியவில்லை என்றால் எதற்கு எடுக்க வேண்டும்?

அவருக்குத் தெரிந்ததை நேர்மையாக எழுதியிருக்கிறார். மேல்தோலும் அடித்தோலும் சேரும் எல்லைக்கோட்டில் இந்த இரண்டு நோயும் ஒரே மாதிரித்தான் சேதம் செய்யும். மைக்ராஸ்கோப்புக்கு வித்தியாசம் பெரும்பாலும் தெரியாது. படர்தாமரை, சொரியாசிஸ், மருந்து அலர்ஜி போன்றவற்றை விலக்க அந்த ரிப்போர்ட் உதவும். மிச்சத்தை உடம்பைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஒரு விஷயம். இம்மாதிரி சந்தேகத்தில் இரண்டு துண்டு எடுப்பது நல்லது. ஒன்று ஃபார்மலினில் போகும். இரண்டாவது, தோலில் படிந்திருக்கும் எதிர்ப்பொருள்களை ஒளிர வைத்துக் காட்டும் இம்யூனோஃப்ளோரசன்ஸ் சோதனைக்கு, அதற்கென்றே உள்ள திரவத்தில் போக வேண்டும். அது இல்லாத ஊரில் உப்புத் தண்ணீரான நார்மல் சலைனில் போட்டு அன்றைக்கே சேர்த்துவிடலாம். ஃபார்மலினில் போட்டால் தீர்ந்தது, அந்தச் சோதனையே செய்ய முடியாது. மறுபடி எடுக்க நேர்ந்தால் ‘இரண்டு பாட்டிலா டாக்டர்?’ என்று மரியாதையாகக் கேளுங்கள். ஸ்டீராய்டு களிம்பு தடவாத இடமாக எடுத்தால் இன்னும் உத்தமம்.

கன்னத்திலும் காதிலும் தடிப்பு, காய்ச்சல், மூட்டு வலி. லூபஸ் என்று அனுப்பினார்கள். அங்கே இருந்த டாக்டர் தடிப்பில் பஞ்சாலும் ஊசி முனையாலும் தொட்டுத் தொட்டு ‘தெரிகிறதா’ என்று கேட்டு, காதுக்குப் பின்னால் நரம்பைத் தடவினார். தொழுநோய் என்று நினைக்கிறாரா? அவமானமாக இருந்தது.

அவர் கையைப் பிடித்து நன்றி சொல்லுங்கள். இந்தியாவில் இப்போதும் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் புதிய தொழுநோயாளிகள் கண்டுபிடிக்கப்படுகிறார்கள். அந்த நோயில் திடீரென்று ஒரு எதிர்வினை வரும். காய்ச்சல், மூட்டு வீக்கம், தோல் முடிச்சுகள், சில சமயம் ஏ.என்.ஏ. பாசிட்டிவ் என்று அச்சு அசலாக லூபஸ் வேஷம் போடும். ஸ்டீராய்டு கொடுத்தால் அதுவும் அடங்கும், லூபஸும் அடங்கும். அதனால் யாருக்கும் சந்தேகம் வராது, கிருமி மட்டும் உள்ளே வளரும். உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க அரை நிமிஷம் ஆகாது. தொழுநோய் மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம், முழுதாகக் குணமாகும். லூபஸ், ஸ்க்ளீரோடெர்மா, டெர்மடோமயோசைடிஸ் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

காசநோயையும் இதே காரணத்துக்காக, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து தொடங்கும் முன்பே தேடிப் பார்க்கிறோம்.

லூபஸும் ஸ்க்ளீரோடெர்மாவும் சேர்ந்திருக்கிறது என்று பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு 40 மி.கி. கொடுத்தார்கள். முகம் உப்பி, சொந்தக்காரர்கள் கேலி செய்ததால் இரண்டு மாதத்தில் நானே நிறுத்திவிட்டேன். இப்போது எழுந்து நிற்கவே முடியவில்லை. – கோவை வாசகர்

தம்பி, இதழ் உங்கள் கைக்கு வரும்வரை காத்திருக்காமல் போன் செய்யச் சொல்லியிருந்தேன், நீங்கள் டாக்டரைப் பார்த்துவிட்டதாகத் தெரிந்து நிம்மதி. ஸ்டீராய்டை மூன்று வாரத்துக்கு மேல் சாப்பிட்டால் சிறுநீரகத்தின் தலைமாட்டில் இருக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையை நிறுத்திவிடும். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பில் அந்த ஹார்மோனே இருக்காது. ரத்த அழுத்தம் சரியும், மயக்கம், வாந்தி, உயிருக்கே ஆபத்து. படிப்படியாகத்தான் இறங்க வேண்டும்.

ஸ்டீராய்டு மேல் உங்களுக்கு இருந்த பயத்தில் ஒரு நியாயம் இருக்கிறது, அது முகம் உப்புவதைப் பற்றியதல்ல. ஸ்க்ளீரோடெர்மா உள்ளவர்களுக்கு, அதிலும் தோல் வேகமாக இறுகி வருகிறவர்களுக்கு, நாளுக்கு 15 மி.கி.க்கு மேல் பிரெட்னிசலோன் போனால் சிறுநீரக நெருக்கடி வரும் வாய்ப்பு கூடுகிறது. ரத்த அழுத்தம் சில நாளில் எகிறி, சிறுநீரகம் நின்றுவிடும். ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் கேப்டோப்ரில் வகை மாத்திரைகள் வருவதற்கு முன்னால் இதில் பிழைத்தவர்கள் குறைவு. லூபஸுக்கு ஸ்டீராய்டு கூடுதலாக வேண்டும், ஸ்க்ளீரோடெர்மாவுக்குக் கூடுதலாகக் கொடுக்கக் கூடாது. கலப்பு நோயாளிக்கு மருந்து எழுதுவது இங்கேதான் சிக்கலாகிறது. அதனால் ஸ்டீராய்டைக் குறைந்த அளவில் வைத்துக்கொண்டு மைகோஃபினோலேட்டை முன்னாலேயே சேர்ப்போம். அது லூபஸ் சிறுநீரகத்துக்கும் ஆகும், ஸ்க்ளீரோடெர்மா நுரையீரலுக்கும் ஆகும். வீட்டில் ஒரு ரத்த அழுத்தக் கருவி வாங்கி வையுங்கள். வாரம் இரண்டு தடவை பார்த்து எழுதுங்கள். வழக்கத்தைவிடத் திடீரென ஏறி, தலைவலியும் வந்தால் அன்றே போக வேண்டும், ‘டென்ஷனாக இருக்கும்’ என்று விடக் கூடாது.

மாத்திரைச் சீட்டைப் பற்றி எல்லோருக்குமாக ஒன்று. மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரு நாள் மட்டும் சாப்பிடும் மாத்திரை. தினமும் சாப்பிட்டு, வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் சரிந்து, உயிர் போனவர்கள் உண்டு. ‘ஞாயிறு’ என்றோ ‘புதன்’ என்றோ அட்டைமேல் கொட்டை எழுத்தில் எழுதுங்கள். அசதியோபிரின் தொடங்கியவர்கள் இரண்டு வாரத்தில் ரத்த அணு எண்ணிக்கை பார்க்காமல் இருக்காதீர்கள். அந்த மருந்தை உடம்பு செரித்துத் தள்ள உதவும் ஒரு மரபணுவில் குறை உள்ளவர்கள் நம் ஆசியர்களிடையே அதிகம். கொத்துக் கொத்தாக முடி கொட்டினால் அதுவே எச்சரிக்கை.

எதிர்ப்புச் சக்தி கூட சீந்தில் கஷாயம் குடிக்கலாமா? ஸ்பைருலினா?

உங்கள் எதிர்ப்புச் சக்தி ஏற்கெனவே தேவைக்கு அதிகமாக வேலை செய்துகொண்டிருக்கிறது. அதை எதற்கு இன்னும் தூண்டிவிட வேண்டும்? கோவிட் காலத்தில் சீந்தில் குடித்தவர்களில் சிலருக்கு ஆட்டோ இம்யூன் வகைக் கல்லீரல் அழற்சி வந்ததை நம் நாட்டு மருத்துவர்களே பதிவு செய்திருக்கிறார்கள். தைராய்டு போல வேறு ஆட்டோ இம்யூன் நோய் முன்பே உள்ளவர்களும் அதில் இருந்தார்கள். ஸ்பைருலினா டெர்மடோமயோசைடிஸைக் கிளப்பிவிட்டதாகவும் பதிவுகள் உண்டு. இரண்டும் வேண்டாம். முருங்கைக்கீரை, அரைக்கீரை, மிளகு ரசம் எல்லாம் தாராளமாகச் சாப்பிடுங்கள், அவை சாப்பாடு.

லூபஸும் ஸ்க்ளீரோடெர்மாவும் மற்றவர்களுக்கு ஒட்டுமா?

ஒட்டாது.

ஹைட்ராக்சிகுளோரோகுயின் சாப்பிட்டால் கண் போய்விடும் என்று தோழி சொல்கிறாள். என் எடை 60 கிலோ. தினம் 400 மி.கி. சாப்பிடுகிறேன்.

தோழி முழுக்கத் தப்பில்லை, உங்கள் அளவுதான் தப்பு. கிலோவுக்கு 5 மி.கி.க்கு மேல் போகக் கூடாது. 60 கிலோவுக்கு 300 மி.கி. அடுத்த முறை போகும்போது கேட்டுக் குறைத்துக்கொள்ளுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். தொடங்கிய முதல் வருடத்துக்குள் ஒரு கண் பரிசோதனை, ஐந்து வருடத்துக்குப் பிறகு ஆண்டுதோறும் விழித்திரையைப் படம் எடுக்கும் ஓ.சி.டி. ஸ்கேனும் பார்வைப் புல சோதனையும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ஐந்து வருடம் காத்திருக்கக் கூடாது. இந்த மாத்திரை வேலை செய்ய இரண்டு மூன்று மாதம் ஆகும், ஒரு மாதத்தில் பலனில்லை என்று விட்டவர்கள் மறுபடி ஆரம்பியுங்கள். சன்ஸ்க்ரீன் பூசினால் ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்துக்கும் பிதுக்கி எடுத்தால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் போதும். பொட்டளவு பூசுவது விரயம். குடைக்குக் காசும் அதிகமில்லை, அளவுப் பிரச்சினையும் இல்லை.

தங்கைக்கு லூபஸும், கண், வாய்ச் சுரப்பிகளை எதிர்ப்புச் சக்தி தாக்கும் ஷோக்ரன் நோயும் சேர்ந்திருக்கிறது. கண், வாய் வறட்சி, முதுகில் வளையம் வளையமாகத் தடிப்பு. எஸ்.எஸ்.ஏ. ரோ பாசிட்டிவ். கல்யாணமாகி ஒரு வருடம். குழந்தை பெறக் கூடாது என்று மாமியார் வீட்டில் யாரோ சொல்லிவிட்டார்கள்.

யாரோ சொன்னதை யாரோவிடமே விட்டுவிடுங்கள். நோய் ஆறு மாதம் அமைதியாக இருந்து, சிறுநீரில் புரதம் போகாமல் இருந்தால், பெற்றுக்கொள்ளலாம். திட்டமிட்டுப் பெற வேண்டும், அவ்வளவுதான்.

ரோ எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். நூற்றில் ஒன்றிரண்டு குழந்தைகளுக்கு இதயத் துடிப்பின் மின்பாதை தடைப்படலாம். ஹைட்ராக்சிகுளோரோகுயின் கர்ப்பத்தில் பாதுகாப்பானது. முதல் குழந்தைக்கு இந்தப் பிரச்சினை வந்திருந்தால், அடுத்ததற்கு வருவதை அது குறைப்பதாகவும் ஆய்வு சொல்கிறது. ‘மாசமாக இருக்கும்போது மாத்திரை எதற்கு’ என்று யாராவது நிறுத்தச் சொன்னால் காதில் வாங்க வேண்டாம். 16 முதல் 18 வாரத்தில் தொடங்கிச் சுமார் 26 வாரம் வரை குழந்தையின் இதயத்தை எக்கோவில் அடிக்கடி பார்ப்பார்கள். சில குழந்தைகள் முகத்தில் வளையத் தடிப்போடு பிறக்கும். அம்மாவின் எதிர்ப்பொருள் குழந்தை ரத்தத்திலிருந்து மறைய ஆறு முதல் எட்டு மாதம் ஆகும், தடிப்பும் அதோடு போய்விடும்.

மைகோஃபினோலேட் சாப்பிட்டால் கருத்தரிக்கக் குறைந்தது ஆறு வாரம் முன்பே நிறுத்தி அசதியோபிரினுக்கு மாற்ற வேண்டும். மெத்தோட்ரெக்சேட்டும் ஆகாது. அதுவரை கருத்தடை தேவை. ரத்தம் உறைய வைக்கும் ஆன்டிபாஸ்போலிபிட் எதிர்ப்பொருள்கள் பார்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள். தொடையில் வலைப்பின்னல் போட்டது மாதிரி நிறம் தெரிந்தாலோ, முன்பு கரு கலைந்திருந்தாலோ கட்டாயம் பார்க்க வேண்டும். லூபஸ் உள்ள கர்ப்பிணிகளுக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரின் பன்னிரண்டாம் வாரத்தையொட்டித் தொடங்குவார்கள்.

சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர், வேலூர் சி.எம்.சி. ஆகியவற்றில் இந்த நோய்களுக்கென்றே தனித் துறைகள் இருக்கின்றன. கர்ப்பம் தரிக்கும் முன்பே ஒரு முறை போய்விட்டு வாருங்கள். தங்கை கணவரையும் கூட்டிப் போங்கள். முடிந்தால் மாமியாரையும்.